பொங்கலுக்கு ஈப்போவிலிருந்து தாராவிக்கு

அம்மா, அப்பா, அத்தை மூவரும் பொங்கலுக்கு மும்பை வருகிறார்கள் என்று நான் சொன்னது கீழ்வீட்டு அக்காவிடம் மட்டும்தான். மறுநாள் விடியற்காலையில் குழாயடியில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது. "எப்ப வாராவ?" "அம்மாவுக்கு நம்ம உறைப்பு தாங்குமா?" "மலேசியாவுல சோறுதான் திம்பாவளா பிள்ள?" என்று ஆளுக்கொரு கேள்வி. நான் இன்னும் தங்கும் இடத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். தெரு அதற்குள் விருந்துக்கு ஆயத்தமாகிவிட்டிருந்தது.

நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்த மலேசியத் தமிழச்சி. மும்பையின் பெரிய குடிசைப்பகுதியான தாராவியில் ஒரு சிறு தொண்டு நிறுவனம் நடத்தும் மாலை வகுப்பில் சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றில் தமிழும் ஒன்று. அந்தத் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளும், அங்கிருந்து இந்திக்கோ ஆங்கிலத்துக்கோ மாறியவர்களும் எங்களிடம் வருகிறார்கள். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்து குடியேறிய குடும்பங்கள்.

வேற்று நாட்டில் தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு எதையெதையோ சொல்லி அனுப்புகிறார்கள். எந்தத் தண்ணீரைக் குடிப்பது, பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது, மனம் சோர்ந்தால் யாரை அழைப்பது என்று எல்லாம் வரும். வீட்டார் பார்க்க வந்தால் என்ன செய்வது என்பது மட்டும் வராது. ஆனால் கொஞ்சக் காலத்துக்கு மேல் ஓரிடத்தில் இருந்தால் வீட்டார் வரத்தான் செய்வார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிள்ளை தனியாக ஒரு ஊரில் இருக்கிறாள் என்றால் அந்த ஊரைக் கண்ணால் பார்க்காமல் பெற்றவர்களுக்குத் தூக்கம் வராது. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இந்தியாவுக்குத் தொண்டுப் பணிக்கு வரும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் ஊதியமின்றி நீண்டகாலம் பணியாற்ற வரும் வெளிநாட்டவருக்கு இந்தியா தருவது வேலைவாய்ப்பு விசா. அந்த விசாவில் நிறுவனத்தின் பெயரும் பணியிடமும் குறிக்கப்பட்டிருக்கும். விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால், வந்து 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பார்க்க வரும் குடும்பத்துக்கு இணையவழிச் சுற்றுலா விசா போதும். பலருக்குத் தெரியாதது, வழக்கில் சி படிவம் என்று சொல்லப்படும் தங்கல் அறிக்கை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர் இந்தியாவில் எங்கே தங்கினாலும், தங்க வைத்தவர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். விடுதி என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். வீடு என்றால் வீட்டுக்காரர் செய்ய வேண்டும். சின்ன லாட்ஜுகள் பலவற்றில் நம் கடவுச்சீட்டைப் பார்த்ததும் அறை இல்லை என்று சொல்வதற்கு இந்தப் படிவம்தான் காரணம். நம் முகத்தையும் பேச்சையும் வைத்து உள்ளூர்க்காரர்கள் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். கடவுச்சீட்டை நீட்டியதும் பேச்சு மாறிவிடும். முன்பதிவு செய்யும்போதே வெளிநாட்டவர் என்று சொல்லிவிடுவது நல்லது.

என் அறையில் அவர்களைத் தங்க வைக்க முடியாது என்று அம்மாவிடம் சொன்னபோது அம்மாவுக்கு வருத்தம். "பிள்ள இருக்குற எடத்துல நாங்க இருக்கக்கூடாதா?" என்று கேட்டார். நான் இருப்பது ஒரு மாடியறை. செங்குத்தான இரும்பு ஏணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். கழிப்பறை தெருக்கோடியில், பொதுக் கழிப்பறை. அத்தைக்கு முழங்கால் வலி. இதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். பெற்றோரிடம் நாம் இருக்கும் இடத்தைப் பற்றி அழகாக்கியும் பேசக்கூடாது, பயமுறுத்தியும் பேசக்கூடாது. உள்ளதைச் சொன்னால் அவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். நாம் எதையோ மறைக்கிறோம் என்று பட்டால்தான் அவர்களுக்குப் பயம் வருகிறது.

மாட்டுங்காவில் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். மும்பைத் தமிழர்களுக்கு மாட்டுங்கா என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காலையில் மல்லிகைச் சரமும் வாழையிலையும் விற்கிறார்கள், ஆஸ்திக சமாஜக் கோயிலில் மணி அடிக்கிறது, இலை போட்டுச் சாப்பாடு கிடைக்கிறது. அத்தை முதல் நாளே நான்கு முழம் பூ வாங்கி எங்கள் எல்லாருக்கும் வைத்துவிட்டார். மாட்டுங்காவிலிருந்து தாராவி கூப்பிடு தூரம்தான். ஆனால் சயானில் தண்டவாளத்துக்கு மேலிருந்த 1912ஆம் வருடத்துப் பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்டு 1 முதல் மூடிவிட்டார்கள். டாக்சி சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. புதுப் பாலம் திறந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால், வயதானவர்களோடு வருபவர்கள் அந்தப் பக்கம் போவதற்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சந்தில் விடிவதற்கு முன்பே தண்ணீர் வந்து சில மணி நேரத்தில் நின்றுவிடும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நீல நிற டிரம் இருக்கும். அதில் பிடித்து வைப்பதுதான் அன்றைக்குச் சமையலுக்கும் குளிப்பதற்கும் துவைப்பதற்கும். ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அந்த வீட்டுக்காரி முதலில் கணக்குப் பார்ப்பது தண்ணீரைத்தான், அரிசியை அல்ல. பகல் நேரத்தில் வீட்டார் என்னோடு இருப்பார்களே என்று நான் கேன் தண்ணீருக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் வந்த அன்று காலையில் என் ஏணியடியில் மூடி போட்ட ஒரு டிரம் நின்றது. கழுவித் துடைத்து, நிரம்ப நிரம்பத் தண்ணீர். கீழ்வீட்டு அக்காவும் பக்கத்துச் சந்தின் வீடுகளும் தங்கள் பங்கில் குடம் குடமாக ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். நான் அக்காவிடம் போய் நின்றேன். "வந்தவுக கால் கழுவணும்லா" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த டிரம் எப்படி நிரம்பியது என்று தெரிந்ததும் அம்மா அரைக் குவளைத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு ஒதுங்கப் பார்த்தார். அக்கா விடவில்லை. செம்பை வாங்கித் தானே ஊற்றினார். அம்மா அன்றிரவு விடுதிக்குப் போகும் வழியில் என்னிடம், "இதுக்கெல்லாம் நாம என்ன செய்யப் போறோம்?" என்றார். அந்தக் கேள்விக்குப் பணம் பதிலாகாது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அம்மாவின் கைப்பையிலோ மலேசிய வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, மாற்றிய புது நோட்டுகள் இருந்தன. எங்கள் ஊரில் ஒரு மாதச் சில்லறைச் செலவு இங்கே ஒரு குடும்பத்துக்குப் பெரிய தொகை. அதை நீட்டிவிட்டால் அக்கா அன்று ஊற்றிய தண்ணீருக்கு விலை வைத்ததாகிவிடும். அவர் விருந்து வைத்தார், நாங்கள் விருந்துண்டோம் என்ற உறவு போய், உதவி பெற்றவர், உதவியவர் என்று ஆகிவிடும். நான் அந்தத் தெருவில் மேலும் வாழ வேண்டியவள். அதைவிட முக்கியமாக, அக்காவுக்கு அவருடைய கௌரவம் வேண்டும்.

ஆகவே கைவேலை செய்தோம். அக்கா வீட்டில் இட்லி வியாபாரம். மும்பைத் தெருக்களில் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு சைக்கிளிலும் தலையிலும் இட்லி விற்றுப் போகிறவர்களில் எத்தனையோ பேருடைய இட்லி தாராவி வீடுகளில்தான் வேகிறது. நகரம் உறங்கும் நேரத்தில் அலுமினியப் பாத்திரங்களில் ஆவி கிளம்பிவிடும். அத்தைக்கு மலேசிய நேரப்படி விழிப்பு வந்துவிடுகிறது. மும்பை நேரம் இரண்டரை மணி பின்னால் அல்லவா! விடுதி அறையில் முழித்துக் கிடப்பதற்குப் பதிலாக டாக்சி பிடித்து வந்து அக்காவோடு தட்டில் மாவு ஊற்றினார். சாம்பாருக்கு வெங்காயம் உரித்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த நெத்திலியில் ஒரு நாள் சம்பல் செய்து, அதை எப்படிச் செய்வது என்று நாலு வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மைலோ பொட்டலங்களும் ஈப்போ வெள்ளைக் காப்பியும் தெருவில் பங்கிடப்பட்டன. பதிலுக்குப் பனங்கருப்பட்டியும் மிளகாய் வத்தலும் அத்தையின் பெட்டிக்குள் போயின. கொடுத்ததும் வாங்கியதும் இரண்டு பக்கமும் சமமாகப் போன அந்த நாட்களைத்தான் இந்தப் பயணத்தின் நல்ல நாட்களாக நான் நினைக்கிறேன்.

வகுப்பு விஷயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் உரசல் வந்தது. அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பாடம் நடத்துவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருப்பது இயற்கை. முடிந்தால் தானும் ஒரு நாள் வகுப்பெடுக்க வேண்டும் என்றும் நினைத்திருந்தார். சட்டம் அதைத் தடுக்கவில்லை; ஒரு மாதத்துக்கு உட்பட்ட ஊதியமற்ற தொண்டுப் பணிக்குச் சுற்றுலா விசாவிலேயே இடமுண்டு. நான்தான் தடுத்தேன்.

தாராவிப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து யாராலோ பார்க்கப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2005 வாக்கிலிருந்தே காசு வாங்கிக்கொண்டு இந்தச் சந்துகளைச் சுற்றிக்காட்டும் நடைப்பயணங்கள் நடக்கின்றன. படம் எடுக்கக்கூடாது என்ற விதியோடு நடத்துகிறவர்கள் உண்டு, அவர்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் சன்னல் வழியே அந்நிய முகங்கள் எட்டிப் பார்ப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன ஒன்று. எங்கள் வகுப்பறை ஒன்றுதான் யாரும் எட்டிப் பார்க்காத இடம். பெருக்கல் வாய்ப்பாடு தப்பாகச் சொல்லவும், இந்தி எழுத்தில் தடுமாறவும், அழவும் அவர்களுக்கு அங்கே உரிமை உண்டு. அந்த இடத்துக்குள் என் அம்மா வந்து உட்கார்ந்தால், எவ்வளவு அன்போடு வந்தாலும், அவர் பார்வையாளர்தான். பிள்ளைகள் அவருக்காக நன்றாக நடந்துகொள்வார்கள். பாட்டுப் பாடிக் காட்டுவார்கள். பாடம் அன்று நடக்காது.

நிறுவனத்தின் விதியும் இதுதான். தன்னார்வலரின் உறவினர் என்பதற்காக யாரும் வகுப்புக்குள் வர முடியாது. விதியைக் காட்டி அம்மாவைச் சமாளித்திருக்கலாம். ஆனால் காரணத்தைச் சொன்னேன், ஏனென்றால் அம்மாவே ஆசிரியை. தன் வகுப்பில் பள்ளி ஆய்வாளர் வந்து பின்வரிசையில் உட்காரும் நாட்களை அவர் அறிவார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, நீ வகுப்பு முடிச்சிட்டு வா" என்று மட்டும் சொன்னார். கோபம் முழுதாகப் போகவில்லை என்பது தெரிந்தது. அதற்காக நான் கதவைத் திறக்கவில்லை. அவர்கள் இருந்த நாட்களில் விடுப்பும் எடுக்கவில்லை. மாலை நேரம் பிள்ளைகளுடையது, மற்ற நேரமெல்லாம் உங்களுடையது என்று முன்பே சொல்லியிருந்தேன். அப்பா அதை உடனே ஏற்றுக்கொண்டார். லாரி ஓட்டியவர், வேலை நேரம் என்றால் என்ன என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா கொண்டுவந்திருந்த வண்ணப் பென்சில் பெட்டிகளையும் தானே பிள்ளைகள் கையில் கொடுக்க முடியவில்லை. அவை வகுப்பின் பொது அலமாரிக்குப் போயின, யார் கொடுத்தார் என்ற பேச்சில்லாமல். அப்பா ஒரு பையனின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிடலாமா என்று கேட்டார். ஒரு வகுப்பில் ஒருவனுக்கு மட்டும் டீச்சரின் அப்பா பணம் கொடுத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள், அந்தப் பையன் என் முன்னால் எப்படி நிமிர்ந்து உட்காருவான்? நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்றால் அதற்கும் சட்டம் இருக்கிறது. மலேசியக் குடிமகன் கொடுக்கும் பணம் இந்தியச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவுள்ள நிறுவனம்தான் அதை வாங்க முடியும். 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையிலுள்ள கணக்கு வழியாகத்தான் வாங்க முடியும். உண்டியலில் ரொக்கமாகப் போட்டுவிட்டுப் போகிற விஷயம் இல்லை. பார்க்க வரும் வீட்டாருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல மனதோடு செய்த ஒன்று சின்ன நிறுவனத்தைப் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும்.

கதவை நான் மூடினேன். அம்மாவை வேறொரு கதவு வழியாக அழைத்துப் போனவள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவளுடைய அம்மா பூக்கட்டுகிறவர். "டீச்சரோட அம்மாவ நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா போனார். அங்கே அந்தப் பெண் தானாகவே தன் தமிழ்ப் பாடநூலை எடுத்துக் காட்டினாள். மகாராஷ்டிர அரசின் பாடநூல் நிறுவனமான பாலபாரதி அச்சிட்ட தமிழ்ப் புத்தகம். அம்மா தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாராம். எங்கோ ஒரு மராட்டிய மாநிலம் தமிழில் பாடநூல் அச்சிடுகிறது என்பதை அன்றிரவெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து இன்றைக்கு ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் வரை வந்திருக்கும் எங்கள் நாட்டின் வரலாறு அவருக்கு மனப்பாடம். அதனால்தான் அந்தப் புத்தகத்தின் அருமை அவருக்குத் தெரிந்தது.

அந்தத் தாய்க்கு ஒரு கவலை இருந்தது. மகள் மேல்வகுப்புக்கு வேறு மொழிவழிப் பள்ளிக்கு மாற வேண்டும். தடுமாறிவிடுவாளோ என்ற பயம். மலேசியாவிலும் இதே கதைதான். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும், இடைநிலைப்பள்ளி மலாய் மொழியில். மலாய் போதாத பிள்ளைகள் நேரே இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான முதல் படிவத்துக்குப் போகாமல் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் மொழியைப் படித்துவிட்டுப் போவார்கள். அம்மா அதை விளக்கியிருக்கிறார். தன்னிடம் படித்துப் புகுமுக வகுப்புக்குப் போன பிள்ளைகள் எங்கே தட்டுத் தடுமாறினார்கள், எது அவர்களைத் தூக்கிவிட்டது என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். கணக்கிலும் அறிவியலிலும் வரும் சொற்களைத்தான் முதலில் பழக வேண்டும், கதை கட்டுரை பிறகு வரும் என்பது அவருடைய அனுபவம். சில நாள் கழித்து மூன்று தாய்மார்கள் எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் வந்து, பள்ளி மாறப் போகிற பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மணி நேரம் தனியாக வேண்டும் என்று கேட்டார்கள். இப்போது சனிக்கிழமைகளில் அது நடக்கிறது. அம்மா வகுப்பறையின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது என்பது என் நம்பிக்கை. ஒரு வீட்டின் தரையில், அழைக்கப்பட்ட விருந்தாளியாக, ஒரு தாய் இன்னொரு தாயிடம் பேசியதால் நடந்தது.

பொங்கலன்று தாராவியின் 90 அடிச் சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? சாலையோரம் வரிசையாகச் செங்கல் அடுப்பு மூட்டி, நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நேரத்தில் பொங்கல் வைப்பார்கள். கரும்பும் மஞ்சள் கொத்தும் கோலமும் அந்தச் சாலையின் லாரிப் புகையும் விறகுப் புகையும் ஒன்றாய்க் கிடக்கும். அத்தைக்கென்று அக்கா ஒரு புதுப்பானை வாங்கி மஞ்சள் கட்டி வைத்திருந்தார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்து வாசலில் பொங்கல் வைத்து வளர்ந்தவர் அத்தை. தோட்டத்தை விட்டு ஈப்போ அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகு எரிவாயு அடுப்பில்தான் எல்லாம். விறகைத் தள்ளித் தள்ளி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, பொங்கி வந்தபோது அவர் போட்ட குலவையை அந்தச் சாலை கேட்டது. பக்கத்து அடுப்புக்காரி, "ஏ, மலேசியாக்காரி நம்மளவிட நல்லா குலவ போடுதா!" என்றாள்.

ஊர் சுற்றியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேட்வே ஆஃப் இந்தியா, கடற்கரை, சித்திவிநாயகர். உள்ளூர் ரயிலில் போவதென்றால் காலை பதினொன்றுக்குப் பிறகு ஏறி மாலை நான்குக்குள் திரும்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில தடங்களில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுங்கா நிலையத்தில் 2017 முதல் எல்லா வேலைகளையும் பெண்களே செய்கிறார்கள். அம்மா டிக்கெட் கொடுத்த பெண்ணிடம் கை குலுக்கிவிட்டுத்தான் நகர்ந்தார்.

அப்பா எங்கும் வரவில்லை என்றே சொல்லலாம். அக்காவின் மாமனாரோடு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெரியவர் இளவயதில் திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். 1966இல் சிவசேனை தொடங்கி, தென்னிந்தியர்களுக்கு எதிரான கிளர்ச்சி நடந்த காலத்தில், கடைப் பலகையில் தமிழ் இருந்தால் கல் விழுமோ என்று பயந்து பலகையை இறக்கி வைத்ததைச் சொன்னார். அப்பா 1969 மே 13 இனக்கலவரத்தின்போது தோட்டத்தை விட்டு யாரும் வெளியே போகாமல் மரவள்ளிக்கிழங்கு தின்று கிடந்ததைச் சொன்னார். அதற்கடுத்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்து, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் தமிழர்கள் தோட்ட வேலையை இழந்து இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அப்பாவின் சித்தப்பா அப்படித்தான் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார். சில வருடங்களில் கடிதம் நின்றுபோனது. அப்பா அவரைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

பெரியவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். பழைய ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீதுகள், குடிசைவாசி என்பதற்கு மாநகராட்சி கொடுத்த படம் ஒட்டிய அட்டையான போட்டோபாஸ். குடிசைகளை இடித்துப் புது வீடுகள் கட்டும் தாராவி மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருக்கிறோம் என்று நிரூபிப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். மாடியில் இருப்பவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் வேறெங்கோ. சுவர்களில் எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பா ஒவ்வொரு காகிதத்தையும் விரித்து, தேதியைப் பார்த்து, வருட வாரியாக அடுக்கினார். மின்கட்டண ரசீது ஒன்றில் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததைக் கண்டுபிடித்தவர் அப்பாதான். "இத இப்பவே சரி பண்ணிருங்க அண்ணே. எங்க ஊர்ல ஒரு எழுத்துக்கு எத்தனையோ பேரு கெட்டாங்க" என்றார். இரண்டு பேரும் மறுநாள் அந்தக் காகிதத்தோடு அலுவலகத்துக்குப் போய், எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அப்பாவின் மும்பைச் சுற்றுலா அதுதான். எனக்கு அவர்மேல் இருந்த அன்பு அன்று இன்னும் கூடியது.

நான் தொண்டு செய்ய வந்தவள், இவர்களுக்கு ஏதோ கொடுக்க வந்தவள் என்ற எண்ணம் வீட்டார் மனதில் கொஞ்சம் இருந்தது. வந்து பார்த்துப் பெருமைப்பட வேண்டும் என்றுதான் கிளம்பினார்கள். ஆனால் அவர்கள் இங்கே இருந்தவரை உபசரித்தது தெருதான். தாங்கள் இங்கே தொடர்ந்து இருக்க முடியுமா என்ற கேள்வியோடு வாழ்கிறவர்கள், வந்தவர்களுக்குத் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். என் பங்கு, இரண்டு பக்கத்தையும் அறிமுகப்படுத்திவிட்டு வழிவிட்டு நின்றது மட்டும்தான். இப்படி வழிவிட்டு நிற்பது தன்னார்வலருக்குச் சுலபமாக வருவதில்லை. நம் வேலையைக் காட்ட வேண்டும் என்று மனம் துடிக்கும்.

இப்போது அம்மாவும் அக்காவும் நேரடியாக அலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். எனக்குக் காய்ச்சல் என்ற செய்தி என்னை முந்திக்கொண்டு ஈப்போவுக்குப் போகிறது. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குள் வரலாம், 2026 முடியும் வரை அந்தச் சலுகை உண்டு என்று அம்மா எங்கோ படித்து அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டார். போலீஸ் விசாரணை முடிந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலை பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. இட்லி வியாபாரத்தை அத்தனை நாள் யார் பார்ப்பது என்பதில்தான் வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. அத்தையோ, அக்கா அம்மா வீட்டில் தங்கக்கூடாது, தன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று இப்போதே அம்மாவோடு வாதாடிக்கொண்டிருக்கிறார்.